கரும்பு காத்திருக்காது

அரவைப் பருவத்தில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சாலைகளில் கரும்பு வண்டியைப் பார்க்காமல் பத்து கிலோமீட்டர் போக முடியாது. டிராக்டர் டிரெய்லரிலும் லாரியிலும் ஏறிய கரும்பு, கோமுகி அணைக்கு அருகே கச்சிராயபாளையத்தில் இருக்கும் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகிறது. மாவட்டத்தின் வடகோடியில் மூங்கில்துறைப்பட்டில் கள்ளக்குறிச்சி-1 ஆலை இருக்கிறது. ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஓட்டுநர்கள் டீ குடிப்பார்கள், வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுப்பார்கள். மேலே கரும்பு சும்மா கிடப்பதுபோலத் தெரியும்.

சும்மா கிடக்கவில்லை. கத்தி பட்ட கணத்திலிருந்து அதற்குள் ஒரு வேதிவினை நடந்துகொண்டிருக்கிறது. புகை இல்லை, நுரை இல்லை, முதல் நாளில் நாற்றமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் கரும்பிலுள்ள சர்க்கரையில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அது எவ்வளவு வேகமாகப் போகிறது, எது அந்த வேகத்தைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பள்ளிப் பாடத்தில் ‘வேதிவினை வேகவியல்’ என்று படித்த அத்தியாயம் முழுவதும் அந்த வண்டிக்குள் இருப்பது புரியும். தற்செயலாக அமைந்த எடுத்துக்காட்டு அல்ல இது. வேதிவினையின் வேகத்தை மனிதர்கள் முதன்முதலாக முறையாக அளந்ததே கரும்புச் சர்க்கரையின் இந்த வினையில்தான்.

வினை எளிமையானது. நாம் சர்க்கரை என்று வாங்குவது சுக்ரோஸ். அது குளுக்கோஸ் ஒன்றும் ஃபிரக்டோஸ் ஒன்றும் கைகோத்த மூலக்கூறு. ஒரு நீர் மூலக்கூறு இடையில் புகுந்தால் அந்தப் பிணைப்பு அறுந்து, இரண்டும் தனித்தனியாகிவிடும். நாக்குக்கு இதில் நஷ்டமே இல்லை. பிரிந்த கலவை முன்னைவிடச் சற்று அதிகமாகவே இனிக்கும். நஷ்டம் ஆலைக்கு. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆலையில் படிகமாக மாறுவதில்லை. கழிவுப்பாகோடு போய்விடும். போகும்போது படிகமாகியிருக்க வேண்டிய சுக்ரோஸிலும் கொஞ்சத்தைத் தங்களோடு பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஆகவே ஒரு டன் கரும்பில் எத்தனை கிலோ வெள்ளைச் சர்க்கரை கிடைக்கும் என்பதை, மண்ணும் ரகமும் தீர்மானித்த பிறகு, இந்த வினையின் வேகமே தீர்மானிக்கிறது.

1850-ஆம் ஆண்டில் லுட்விக் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் இந்த வேகத்தை அளந்தார். மருந்தாளராக வாழ்க்கையைத் தொடங்கி, பிறகு இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் வந்தவர். அவருக்கு முன்பும் வேதிவினைகள் சில வேகமாகவும் சில மெதுவாகவும் நடப்பது எல்லோருக்கும் தெரியும். இரும்பு துருப்பிடிக்க மாதங்கள் ஆகும், வெடிமருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் எரியும். ஆனால் ‘எவ்வளவு வேகம்’ என்ற கேள்விக்கு எண்ணில் விடை சொல்ல வழியில்லை. நடுவில் எடுத்து அளக்க வேண்டுமானால் வினையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அது அந்த வினையே இல்லை.

சர்க்கரை இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர ஒரு கதவைத் திறந்துவைத்திருந்தது. ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியைச் சர்க்கரைக் கரைசல் வழியே செலுத்தினால், அந்தத் தளம் வலப்பக்கமாகத் திரும்பும். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த கரைசலில் அது இடப்பக்கமாகத் திரும்பும். அமிலம் சேர்த்த சர்க்கரைக் கரைசலில் ஒளியின் திருப்பம் வலத்திலிருந்து மெல்ல மெல்லக் குறைந்து, சுழியைக் கடந்து, இடத்துக்குப் போவதை பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ போன்றவர்கள் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். வில்ஹெல்மி செய்தது, கடிகாரத்தையும் அந்தக் கருவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான். கரைசலைத் தொடவே வேண்டாம். கண்ணாடிக் குழாய்க்குள் வினை தன்பாட்டில் நடக்கிறது. வெளியே இருந்தபடி கோணத்தைக் குறித்தால், எவ்வளவு சர்க்கரை மிச்சமிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அவர் கண்ட விதி இது. எந்தக் கணத்திலும் சர்க்கரை சிதையும் வேகம், அந்தக் கணத்தில் எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருக்கிறதோ அதற்கு நேர்விகிதம். முதல் ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு போனால், அடுத்த மணியில் மீதியில் பத்தில் ஒரு பங்கு போகும், அதற்கடுத்த மணியில் அதன் மீதியில் பத்தில் ஒரு பங்கு. செறிவு குறையக் குறைய வேகமும் குறையும். ஒரு வேதிவினையைக் கணிதச் சமன்பாட்டால் பின்தொடர்ந்த முதல் முயற்சி அது. அமிலத்தின் அளவு மாறினால் என்ன ஆகும், வெப்பநிலை மாறினால் என்ன ஆகும் என்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. இத்தனை பெரிய வேலை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்தது. 1864-இல் வில்ஹெல்மி இறந்துபோனார். அதன் மதிப்பை வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் 1880-களில் எடுத்துச் சொன்னபோதுதான் வேதியியல் உலகம் விழித்துக்கொண்டது. ஓஸ்ட்வால்டுக்கு 1909-இல் நோபல் பரிசு கிடைத்தது, வினையூக்கம் பற்றிய ஆய்வுகளுக்காக. வில்ஹெல்மிக்கு உயிரோடு இருந்தபோது இதில் ஒரு பாராட்டும் கிடைக்காமல் போனது எனக்கு வருத்தம் தருகிறது.

வெப்பநிலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சியில் மார்கழியில் வெட்டும் கரும்பும் பங்குனி, சித்திரையில் வெட்டும் கரும்பும் ஒரே கதியில் கெடுவதில்லை. வெயில் ஏறினால் கரும்பு சீக்கிரம் கெடும் என்பது வெட்டு ஆட்களிலிருந்து ஆலை கெமிஸ்ட் வரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆச்சரியம் அதன் அளவில் இருக்கிறது. 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போவது பெரிய மாற்றமாக நமக்குத் தோன்றும். மூலக்கூறுகளுக்கு அது மிகச் சிறியது. அவற்றின் கணக்கு தனிச்சுழியிலிருந்து, அதாவது மைனஸ் 273 டிகிரியிலிருந்து தொடங்குகிறது. அந்த அளவுகோலில் இது 303-லிருந்து 313-க்குப் போவது மட்டுமே. மூலக்கூறுகளின் சராசரி ஆற்றல் சுமார் மூன்று சதவீதம் கூடுகிறது. ஆனால் அமிலத்தில் சர்க்கரை சிதையும் வேகமோ ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. மூன்று சதவீதம் கூடுதல் ஆற்றல் நான்கு மடங்கு வேகத்தைத் தருவது எப்படி?

ஸ்வீடன் நாட்டு ஸ்வாண்டே அர்ரேனியஸ் 1889-இல் விடை சொன்னார். அவர் எடுத்துக்கொண்ட வினையும் இதே கரும்புச் சர்க்கரை வினைதான். அப்போது அவருக்கு வயது முப்பது. புதிய சோதனை எதுவும் செய்யாமல், பிறர் அளந்துவைத்த எண்களை முன்னால் பரப்பிவைத்து யோசித்தார். கரைசலில் உள்ள எல்லாச் சர்க்கரை மூலக்கூறுகளும் வினைக்குத் தயாராக இல்லை. மிகமிகச் சிறிய ஒரு பங்குக்கு மட்டுமே, ஏதோ ஒரு கணத்தில், பிணைப்பை அறுக்கத் தேவையான ஆற்றல் வாய்க்கிறது. அந்தப் பங்கைத் தவிர மற்றவை வெறுமனே மோதி, வெறுமனே விலகுகின்றன. வெப்பநிலை சற்றே கூடினாலும், சராசரி நகர்வது கொஞ்சம்தான். ஆனால் அந்த உச்சத்தில் நிற்கும் சிறுபான்மையின் எண்ணிக்கை பல மடங்கு பெருகிவிடும்.

இதைக் கல்வராயன் மலையை வைத்துச் சொல்லலாம். இதே மாவட்டத்துச் சின்னசேலத்திலிருந்து வடமேற்கே பார்த்தால் நீலமாக நிற்கிற அந்த மலையை நடந்து கடக்க வேண்டுமென்றால், ஆயிரம் பேர் கிளம்பினாலும் உச்சியைத் தொடுகிற தெம்பு நான்கைந்து பேருக்கே இருக்கும். எல்லோருக்கும் கொஞ்சம் தெம்பு கூடினால், அந்த நான்கைந்து பேர் பதினைந்து இருபது பேர் ஆவார்கள். மலையைக் குடைந்து தாழ்வான பாதை ஒன்று போட்டால், தெம்பு கூடாமலேயே கூட்டம் கூட்டமாகக் கடந்துவிடுவார்கள். முதலாவது வெப்பநிலை செய்வது. இரண்டாவது வினையூக்கி செய்வது. கடக்க வேண்டிய உயரத்துக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர்.

அந்தத் தாழ்ந்த பாதை இல்லாவிட்டால் என்ன ஆகும்? வினையூக்கி எதுவும் இல்லாத தூய நீரில், 25 டிகிரியில், சர்க்கரை தானாகப் பாதி சிதைய எவ்வளவு காலம் ஆகும் என்று அமெரிக்காவில் ரிச்சர்ட் வுல்ஃபென்டன் என்ற உயிர்வேதியியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் கணக்கிட்டு 2008-இல் வெளியிட்டார்கள். அதிக வெப்பநிலைகளில் அளந்து, அர்ரேனியஸ் காட்டிய வழியில் கீழ்நோக்கி நீட்டிக் கண்ட விடை அது: சுமார் 440 ஆண்டுகள். செஞ்சியை நாயக்கர்கள் ஆண்ட காலத்தில், ஒரு கிருமியும் புகாத கண்ணாடிக் குடுவையில் சர்க்கரையைக் கரைத்து மூடியிருந்தால், இன்று திறந்து பார்க்கும்போது அதில் பாதிச் சர்க்கரை அப்படியே இருந்திருக்கும். அதே சர்க்கரை ஆலை வாசலில் நிற்கும் வண்டியில் நாள்கணக்கில் கெடுகிறது. நூற்றாண்டுகளை நாள்களாகச் சுருக்குவது எது?

அமிலம் என்று உடனே சொல்லத் தோன்றும். கரும்புச் சாறு இலேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். 5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கும். பி.எச். ஓர் அலகு குறைந்தால் சர்க்கரை சிதையும் வேகம் பத்து மடங்காகும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், 30 டிகிரி வெயிலில் சாற்றின் அமிலம் மட்டும் ஒரு நாளில் சிதைப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கிறது. அது பொருட்படுத்த வேண்டாத அளவு. வண்டியில் நடக்கும் நஷ்டத்துக்கு அமிலம் காரணம் அல்ல. அமிலத்தின் ஆட்டம் பிறகு, ஆலைக்குள், சாறு கொதிக்கும்போதுதான் தொடங்கும்.

வண்டியில் வேலை செய்வது நொதி. கரும்பின் செல்களுக்குள் இன்வெர்டேஸ் என்ற நொதி இருக்கிறது. இளம் கரும்பு வளர்வதற்கு அது தேவை. இலையில் உருவாகி இறங்கி வரும் சுக்ரோஸை உடைத்து, வளரும் கணுக்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. கரும்பு முற்றும்போது தண்டின் கீழ்ப்பகுதியில் இதன் அளவு குறைந்துபோகும், அதனால்தான் அங்கே சுக்ரோஸ் சேர்கிறது. அடிக்கரும்பு இனிப்பதும் நுனி சப்பென்றிருப்பதும் இதனாலேயே. வெட்டும்போது கொழுந்தாடையைக் கழித்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று ஆலைகள் வலியுறுத்துவதற்கு எடை மட்டும் காரணமல்ல. நுனியில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அதிகம், நொதியும் அதிகம். முற்றிய கரும்பை வெட்டிப் போட்டபின், தண்டு காயக் காய, அதுவரை அடங்கியிருந்த அமில இன்வெர்டேஸின் செயல்பாடு மறுபடி கூடுகிறது. செடியைப் பொறுத்தவரை அது பிழைக்க எடுக்கும் முயற்சி. நமக்கு அது இழப்பு.

இந்த நொதியின் வேகத்தை ஆராய்ந்தபோதுதான் உயிர்வேதியியலுக்கும் ஓர் அடித்தளம் கிடைத்தது. 1913-இல் பெர்லினில் லியோனர் மிகேலிஸும், கனடாவிலிருந்து கடல்கடந்து வந்து அவருடன் வேலை செய்த மாட் மென்டென் என்ற பெண் மருத்துவரும், ஈஸ்டிலிருந்து எடுத்த இன்வெர்டேஸை வைத்துச் சர்க்கரை சிதையும் வேகத்தை அளந்தார்கள். கருவி அதே ஒளித்திருப்பக் கருவி. வில்ஹெல்மியின் விதிப்படி செறிவு கூடினால் வேகம் கூட வேண்டும். நொதியில் அது ஓர் எல்லை வரைக்கும்தான் நடந்தது. ஒவ்வொரு நொதி மூலக்கூறும் ஒரு நேரத்தில் ஒரு சர்க்கரை மூலக்கூறைத்தான் கையாள முடியும். எல்லா நொதிகளின் கையும் நிறைந்துவிட்டால், அதற்குமேல் எவ்வளவு சர்க்கரையைக் கொட்டினாலும் வேகம் ஏறாது. இன்று உலகில் எந்த மருந்தை உருவாக்குபவரும் மிகேலிஸ்–மென்டென் சமன்பாட்டைத் தாண்டாமல் போக முடியாது.

முற்றிய கரும்பின் சாற்றில் சர்க்கரைச் செறிவு அந்த எல்லையைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே ‘செறிவு கூடினால் வேகம் கூடும்’ என்று நாம் மனப்பாடம் செய்த வரி கரும்புத் தண்டுக்குள் பெரிதாகப் பொருந்துவதில்லை. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது நொதியின் அளவு, வெப்பநிலை, தண்டு எவ்வளவு காய்ந்தது என்பவைதான். பாடநூலில் காரணிகளை வரிசையாக எழுதும்போது எல்லாம் சம பலம் உடையவைபோலத் தோன்றும். நிஜத்தில் ஒவ்வொரு வினையிலும் ஏதோ ஒன்றிரண்டுதான் லகானைப் பிடித்திருக்கும். அது எது என்று கண்டுபிடிப்பதே வேதியியலரின் வேலை.

இன்னொரு காரணி வெட்டுவாய். கரும்பின் தோல் மெழுகு பூசியது, கிருமி எளிதில் நுழையாது. முழுக் கரும்பாக வெட்டினால் ஒரு தண்டுக்கு இரண்டே இரண்டு வாய்கள். ஆள் கிடைக்காமல் இப்போது பல இடங்களில் இறங்கியிருக்கும் அறுவடை இயந்திரம், கரும்பைத் துண்டு துண்டாக நறுக்கித் தள்ளுகிறது. அதே தண்டுக்கு இப்போது பத்து இருபது வாய்கள். வெளிப்படும் பரப்பு கூடினால் வினை வேகம் கூடும் என்ற விதி இங்கே ஈவிரக்கமில்லாமல் செயல்படும். லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா அந்த வாய்களில் குடியேறி, சுக்ரோஸை உடைத்துத் தின்பதோடு, டெக்ஸ்ட்ரான் என்ற பிசினையும் உண்டாக்கும். சாறு கொழகொழப்பாகி, வடிகட்டுவதும் படிகமாக்குவதும் சிரமமாகும். இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. டெக்ஸ்ட்ரான் ஒளியைச் சர்க்கரையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வலப்பக்கம் திருப்பும். ஆகவே ஆலை ஆய்வகத்தின் ஒளித்திருப்பக் கருவி, கெட்ட கரும்பில் இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டிவிடும். துண்டு போட்ட கரும்பை வெட்டிய அன்றே அரைக்க வேண்டும். நெருப்பு வைத்துச் சோகையைக் கழித்த கரும்பும் அப்படித்தான். வெடித்த தோல் வழியாகக் கிருமிகள் தாராளமாக நுழையும்.

சின்னசேலத்துக்காரர்களுக்குப் பரப்பின் விதியை வேறொரு பயிரும் சொல்லிக்கொடுக்கிறது. சேலம், ஆத்தூர் வழியாக இந்தப் பக்கம் நீளும் மரவள்ளி வட்டாரத்தில், குச்சிக்கிழங்கு விளைவதும் சேகோ ஆலைகளில் அது ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சுமாவதும் அன்றாடக் காட்சி. கிழங்கின் செல்லுக்குள் லினமாரின் என்ற பொருள் ஓர் அறையில் இருக்கிறது, அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்தில் இருக்கிறது. கிழங்கு முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. வினை நடக்க எல்லாம் தயார், சந்திப்பு மட்டும் இல்லை. கிழங்கை அரைக்கும் இயந்திரத்தில் போட்டால் கோடிக்கணக்கான செல்கள் கிழிந்து, இரண்டும் கலந்து, ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். எலியோ பன்றியோ கடித்தால் விஷம் வாயிலேயே உருவாக வேண்டும் என்று செடி செய்துவைத்த ஏற்பாடு அது. சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகும், நீரிலும் எளிதில் கரையும். ஆகவே நன்றாக அரைத்து, நன்றாகக் கழுவினால், மாவில் விஷம் தங்காது. திப்பி என்று ஒதுக்கும் நார்க்கழிவையும் கழிவுநீரையும் கவனமாகக் கையாள வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் சமைப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பெரிய பெரிய துண்டாக வெட்டி நேராகக் கொதிநீரில் போட்டால் நொதி உடனே செத்துப்போகும். லினமாரின் உடையாமல் கிழங்கிலேயே நின்றுவிடக்கூடும். தோலை முழுக்கச் சீவி, சிறு துண்டாக நறுக்கி, கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவைத்து, பச்சைத் தண்ணீரிலிருந்து சூடேற்றி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது. நொதிக்கு வேலை செய்ய நேரமும் இளஞ்சூடும் கிடைத்தால், நமக்காக அது விஷத்தை விரட்டிவிடும். கரும்பில் நாம் அடக்க விரும்பும் அதே வகை வினையை, மரவள்ளியில் முடுக்கிவிட விரும்புகிறோம்.

மறுபடி கரும்புக்கு. ஆலைக்குள் நுழைந்த சாற்றுக்கு ஒரு தர்மசங்கடம் காத்திருக்கிறது. சர்க்கரையைப் படிகமாக்கத் தண்ணீரை ஆவியாக்க வேண்டும், அதற்குச் சூடு வேண்டும். சூடோ வினையை முடுக்கிவிடும். 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அமிலத்தில் சர்க்கரை சிதையும் வேகம் ஆறாயிரம் மடங்கு ஏறுகிறது. நொதியும் கிருமியும் கொதிநிலையில் செத்துவிடும், உண்மைதான். ஆனால் இதுவரை பொருட்படுத்த வேண்டாமல் இருந்த அமிலம் இப்போது எதிரியாகிவிடும். ஒரு சர்க்கரை ஆலையின் வடிவமைப்பு முழுவதும், இந்த ஒரு வினையைத் தாமதப்படுத்தும் தந்திரங்களின் தொகுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

முதல் தந்திரம் சுண்ணாம்பு. பிழிந்த சாற்றில் சுண்ணாம்புப் பாலைச் சேர்த்து பி.எச். அளவை ஏழை ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். அழுக்கு படிந்து சாறு தெளிவது ஒரு பயன். அமிலம் தணிந்து, சிதையும் வேகம் பல பத்து மடங்கு குறைவது மறைவான, பெரிய பயன். இரண்டாவது தந்திரம் வெற்றிடம். காற்றழுத்தத்தைக் குறைத்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 1810-களில் இங்கிலாந்தின் எட்வர்ட் ஹோவர்ட் வெற்றிடக் கொப்பரையைக் கொண்டுவந்தார். படிகம் உருவாகும் கடைசிக் கட்டம் இன்றும் அந்த முறையில், 65 டிகிரியை ஒட்டி நடக்கிறது. நூறிலிருந்து அறுபத்தைந்துக்கு இறங்குவதால் வினை முப்பது மடங்குக்குமேல் மெதுவாகிறது.

வெற்றிடக் கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒரு கலத்தின் நீராவியாலேயே அடுத்த கலத்தைக் கொதிக்கவைக்கும் முறையை 1840-களில் நியூ ஆர்லியன்ஸில் உருவாக்கியவர் நார்பர்ட் ரில்லியூ. அடிமைமுறை நடப்பில் இருந்த ஊரில், கறுப்பின வழிவந்த தாய்க்குப் பிறந்த பொறியாளர் அவர். அதற்குமுன் கொதிக்கும் பாகைத் திறந்த கொப்பரையிலிருந்து கொப்பரைக்கு அகப்பையால் மாற்றிக் கை வெந்தவர்கள் அடிமைகள். அவருடைய கண்டுபிடிப்பு எரிபொருளையும் சர்க்கரையையும் மட்டும் மிச்சப்படுத்தவில்லை, அந்தக் கைகளையும் காத்தது. உலகில் எங்கே சர்க்கரை ஆலை இருந்தாலும் அங்கே ரில்லியூவின் ஏற்பாட்டின் வழிவந்த கலங்கள் நிற்கும்.

கடைசித் தந்திரம், வினைக்குத் தேவையான இரண்டாவது பொருளையே எடுத்துவிடுவது. சர்க்கரை சிதைய ஒரு நீர் மூலக்கூறு வேண்டும். உலர்ந்த படிகத்தில் அது கிடைப்பதில்லை. மூட்டையில் கட்டிய வெள்ளைச் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பது இதனால்தான்.

வெல்லம் காய்ச்சுபவர்களுக்கு வெற்றிடக் கொப்பரை கிடையாது. திறந்த கொப்பரையில், நூறு டிகிரியைத் தாண்டிய சூட்டில், கண்ணும் கையும் பார்த்துப் பதம் சொல்லும் வேலை அது. வெட்டிச் சில நாள் கிடந்த கரும்பையோ, காற்றில் சாய்ந்த கரும்பையோ அரைத்தால் வெல்லம் அச்சில் நிற்காமல் இளகுகிறது என்று அவர்கள் சொல்வது துல்லியமான வேதியியல். சிதைந்த சர்க்கரை அதிகமானால் பாகு இறுகாது. ஃபிரக்டோஸ் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் வெல்லம் வியர்ப்பதுபோலக் கசிவதும் அதனால்தான். அவர்களும் சாற்றில் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள், அளவு தெரிந்து.

நேர்மாறாக, சர்க்கரை படிகமாகக்கூடாது என்று நாம் விரும்பும் இடமும் உண்டு. குலாப் ஜாமூனுக்குப் பாகு காய்ச்சும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார்கள். அமிலம், கொதிக்கும் சூடு, தண்ணீர் மூன்றும் சேர்ந்து சில நிமிடங்களில் சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்துவிடும். பிறகு பாகு பூத்துக் கல்லாகாது. தேனீக்கள் மலரின் மதுவில் தம் இன்வெர்டேஸைச் சேர்த்துச் செய்வதும் இதையேதான். ஆலை வாசலில் நஷ்டமாவது அடுப்படியிலும் தேன்கூட்டிலும் லாபமாகிறது.

நஷ்டத்தைப் பணமாகவும் பார்க்க வேண்டும். 2025–26 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த கரும்பு விலை, 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு, அதாவது நூறு கிலோ கரும்பில் 10.25 கிலோ சர்க்கரை கிடைத்தால், குவிண்டாலுக்கு 355 ரூபாய். பிழிதிறன் 0.1 சதவீதம் குறைந்தால் 3.46 ரூபாய் குறையும். 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் 329.05 ரூபாய். ஏக்கருக்கு 40 டன் விளைந்தால், இந்த இரண்டு விலைகளுக்கும் இடையே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். பிழிதிறன் என்பது ஆலையின் மொத்தக் கணக்கு. ஒருவருடைய கரும்பு வாசலில் கெட்டால், அந்த இழப்பு எல்லோர் கணக்கிலும் விழுகிறது. வண்டி நிற்கும் நேரத்தில் கரும்பு காய்ந்து குறையும் எடையோ நேராக விவசாயியின் பையிலிருந்து போகிறது.

ஆகவே வரிசையில் நிற்கும் நேரத்தைப் போக்குவரத்துப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. அது வினைக்கலத்துக்குள் கழியும் நேரம். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைக்க வேண்டும் என்ற பரிந்துரை விவசாயிக்கு மட்டும் சொல்லப்படுவதாக இருக்கக்கூடாது. வெட்டு உத்தரவு கொடுக்கும் ஆலைக்கும் அது பொருந்தும். எந்த ஆலையானாலும், ஒவ்வொரு வண்டிச் சீட்டிலும் வெட்டிய நாளும் நேரமும் எழுதப்பட வேண்டும். பங்குனி, சித்திரையில் வரிசையின் நீளம் மார்கழியைவிடக் குறைவாக இருக்கும்படி வெட்டு உத்தரவைத் திட்டமிட வேண்டும். விவசாயிகள் வெட்டிய கரும்பை வெயிலில் பரப்பாமல் நிழலில் குவித்து, சோகையால் மூடி, தண்ணீர் தெளித்துவைத்தால் சூடும் குறையும், காய்வதும் குறையும். செலவில்லாத வேலை இது.

சின்னசேலத்திலும் கள்ளக்குறிச்சியிலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்தும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வேதிவினை வேகவியல் பாடத்தை அரவை நடக்கும் மாதங்களில் நடத்துங்கள். முடிந்தால் ஆலை நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, மாணவர்களை ஒருமுறை அதன் ஆய்வகத்துக்கு அழைத்துப் போங்கள். வில்ஹெல்மி 1850-இல் செய்த அதே அளவீட்டை, அவர்களுடைய சொந்தக் கொல்லைக் கரும்பின் சாற்றில், தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள் அங்கே.